மேட்டுப் பள்ளியா, ரயிலடிப் பள்ளியா?

எங்கள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டில் இருப்பதே மூன்று ஹைஸ்கூல்தான். அதில் ஒன்று, வழக்கமான பள்ளியில் கிரெடிட் (பாடம் தேறினால் சேரும் புள்ளி) சேராமல் பின்தங்கிய பிள்ளைகளுக்கானது. ஆக, எட்டாம் வகுப்புப் பெற்றோர் தலையைப் பிய்த்துக்கொள்வது மற்ற இரண்டுக்கும் நடுவில்தான். என் மூத்தவன் அதில் ஒன்றில் படித்து முடித்துக் கல்லூரிக்குப் போய்விட்டான். சின்னவள் இன்னொன்றில் பதினொன்றாவது படிக்கிறாள். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பள்ளிக்கும் பிள்ளையை அனுப்பியவர்கள் எங்கள் வட்டாரத்தில் அதிகம் இல்லை. அதனால் டிசம்பர் பிறந்தால் போதும், "அக்கா, எதுல போடலாம்?" என்று ஃபோன் வர ஆரம்பித்துவிடும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில். பள்ளிகளின் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், சின்னவளுக்கு இன்னும் படிப்பு பாக்கி இருக்கிறது. குன்றின் மேல் இருப்பதை வீட்டில் மேட்டுப் பள்ளி என்போம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பது ரயிலடிப் பள்ளி. மேட்டுப் பள்ளிக்குப் பத்துக்கு ஒன்பது ரேட்டிங். ரயிலடிக்கு ஆறு. எங்கள் வீடு மேட்டுப் பள்ளி எல்லைக்குள் வருகிறது. வீடு வாங்கும்போது அந்த ஒன்பதுக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்தோம். அப்படியிருந்தும் சின்னவளை ட்ரான்ஸ்ஃபர் எழுதிப் போட்டு ஆறுக்கு அனுப்பினோம். அன்றைக்கு வாட்ஸ்அப் குழுவில் எனக்குக் கிடைத்த உபதேசத்தைத் தொகுத்தால் ஒரு புத்தகம் போடலாம்.

ஒரே டிஸ்ட்ரிக்ட்டுக்குள் இருக்கும் இரண்டு பள்ளிகளை ஒப்பிடும்போது எதெல்லாம் வேறுபடாது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், பாதிக் கவலை போய்விடும். போர்டு ஒன்று. ஆசிரியர் சம்பள அட்டவணை ஒன்று. எத்தனை வருஷ அனுபவம், எத்தனை யூனிட் மேற்படிப்பு என்று பார்த்துப் படிப்படியாக ஏறும் அட்டவணை அது. மேட்டில் இருப்பதால் யாருக்கும் ஒரு டாலர் கூடக் கிடைக்காது. பட்டம் பெற வேண்டிய பாடங்கள், விடுமுறை நாட்கள், பாடப் புத்தகங்கள் எல்லாம் ஒன்று. 2022 ஜூலை முதல் மாநிலச் சட்டப்படி ஹைஸ்கூல் காலை எட்டரைக்கு முன்னால் தொடங்கக் கூடாது என்பதால் மணி அடிக்கும் நேரமும் ஒன்றாகிவிட்டது. மதிய உணவும் இரண்டிலும் இலவசம்தான். 2022-23 கல்வியாண்டிலிருந்து கலிஃபோர்னியா அரசுப் பள்ளிகள் எல்லாவற்றிலும் அப்படி. ருசியும் இரண்டிலும் ஒன்றே, அதைப் பற்றி மேலே பேச வேண்டாம்.

அப்புறம் அந்த ஒன்பதும் ஆறும் எங்கிருந்து வருகின்றன?

வீட்டு விளம்பரத்துக்குக் கீழே நீங்கள் பார்க்கும் எண் பெரும்பாலும் கிரேட்ஸ்கூல்ஸ் தருவது. 1998-ல் தொடங்கிய லாப நோக்கில்லாத அமைப்பு. அவர்கள் கணக்கில் பெரிய பங்கு மாநிலத் தேர்வு மதிப்பெண்ணுக்கு. கலிஃபோர்னியாவில் ஹைஸ்கூல் பிள்ளைகள் ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் அந்தத் தேர்வை எழுதுவது பதினொன்றாம் வகுப்பில் ஒரே ஒரு தடவை. அதுவும் ஏபி தேர்வுக்கு (ஹைஸ்கூலிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடங்களுக்கான தேர்வு) எல்லோரும் கண் விழித்துப் படித்துக்கொண்டிருக்கும் வசந்த காலத்தில். யூசி, அதாவது பல வளாகங்கள் கொண்ட கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், அந்த மதிப்பெண்ணைச் சேர்க்கையில் பார்ப்பதில்லை என்பது பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். பெற்றோர் ஒரு கடிதம் கொடுத்தால் எழுதாமலும் இருக்கலாம், சட்டம் அனுமதிக்கிறது. மூத்தவன் எழுதிய வருஷம், முன் பெஞ்சுப் பையன் பதில்களைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டிவிட்டுக் கவிழ்ந்து தூங்கிவிட்டானாம். ரேட்டிங்கில் அந்தத் தூக்கமும் சேர்த்தி.

நான் ஊரில் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுத்தவள். பத்தாவதில் 450-க்கு மேல் வாங்கியவர்களாகப் பொறுக்கிப் பிளஸ் ஒன்னில் சேர்த்துக்கொண்டு, இரண்டு வருஷம் கழித்து நூறு சதவீதத் தேர்ச்சி என்று வாசலில் ஃபிளெக்ஸ் கட்டும் பள்ளிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த விஷயம் புரியாமலா போகும்? மேட்டுப் பள்ளி யாரையும் பொறுக்குவதில்லை, உண்மைதான். வீட்டு விலை பொறுக்கிக் கொடுத்துவிடுகிறது. அங்கே வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வீட்டில் இரண்டு இன்ஜினியர்கள். கணக்கில் சந்தேகம் வந்தால் சாப்பாட்டு மேஜையிலேயே தீர்ந்துவிடும். அந்த ஒன்பதில் பள்ளியின் பங்கு எவ்வளவு, சாப்பாட்டு மேஜையின் பங்கு எவ்வளவு என்று அந்த எண் சொல்லாது. தமிழ்நாட்டிலேயே 2017-ல் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்திவிட்டார்கள். நம்மவர்கள் இங்கே வந்து அதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். பள்ளிகளை வரிசைப்படுத்தும் யூ.எஸ். நியூஸ் பட்டியலும் இதே கதைதான். அதில் 30 சதவீதம், பன்னிரண்டாவது பிள்ளைகளில் எத்தனை பேர் ஏபி அல்லது அதுபோன்ற ஐபி தேர்வு எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்பதற்கு.

ரேட்டிங்குக்குப் பதிலாக என்ன பார்ப்பது? நான் பார்த்தது டைம்டேபிளை. சிரிக்காதீர்கள். ஒரே டிஸ்ட்ரிக்ட்டில் இரண்டு பள்ளிகளுக்கு உண்மையான வித்தியாசம் எங்கே என்றால் அதில்தான்.

மேட்டுப் பள்ளியில் நாளுக்கு ஆறு பீரியட், வருஷம் முழுக்க அதே ஆறு பாடம். ரயிலடியில் நாலுக்கு நாலு. அதாவது நாளுக்கு நாலு வகுப்பு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். வருஷப் பாடத்தை அரை வருஷத்தில் முடித்துவிட்டு ஜனவரியில் வேறு நாலு பாடத்துக்குப் போய்விடுவார்கள். ஆறு எங்கே, எட்டு எங்கே? நாலு வருஷத்தில் எட்டுப் பாடம் கூடுதலாக எடுக்கலாம்.

இது ஏன் முக்கியம் என்று கணக்குப் பாடத்தை வைத்துச் சொல்கிறேன். இங்கே வரிசை அல்ஜீப்ரா ஒன்று, ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா இரண்டு, ப்ரீகால்குலஸ், கால்குலஸ். ஐந்து படி. ஹைஸ்கூல் நாலு வருஷம். ஒன்பதாவதில் அல்ஜீப்ரா ஒன்றில் உட்காரும் பிள்ளைக்குப் பன்னிரண்டாவதில் ப்ரீகால்குலஸோடு கதை முடிந்தது. கால்குலஸ் வரை போக வேண்டுமென்றால் ஏழாவது, எட்டாவதிலேயே ஒரு படி தாண்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் கோடை விடுமுறையை விட்டுக்கொடுக்க வேண்டும். பன்னிரண்டு வயசில் ஒரு பிள்ளை ஒரு தேர்வில் எப்படி எழுதினாள் என்பது அவள் பதினெட்டு வயசில் என்ன படிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. இதில் அநியாயம் நடக்கக் கூடாது என்றுதான் 2015-ல் மாநிலம் ஒரு சட்டமே போட்டது. ஒன்பதாம் வகுப்புக்குள் நுழையும் பிள்ளையை எந்தக் கணக்கு வகுப்பில் போடுவது என்பதற்கு டிஸ்ட்ரிக்ட் எழுத்தில் விதி வைத்திருக்க வேண்டும், முதல் மாதத்துக்குள் ஒரு முறையாவது சரிபார்க்க வேண்டும். நமக்குத் தெரியாத சட்டம் இது. பிள்ளையைத் தவறான வகுப்பில் போட்டுவிட்டார்கள் என்று தோன்றினால் இந்தச் சட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள், பதில் உடனே மாறும்.

என் பெண் ஏழாவதில் கணக்கில் சுமார். ஒரு படி தாண்டும் தேர்வில் தேறவில்லை. ரயிலடியில் ஒன்பதாவதில் ஆகஸ்ட்டில் அல்ஜீப்ராவைத் தொடங்கி டிசம்பரில் முடித்தாள். ஜனவரியில் ஜியோமெட்ரி. பத்தாவது முடிவதற்குள் ப்ரீகால்குலஸும் ஆயிற்று. டியூஷன் இல்லை, கோடை வகுப்பு இல்லை. மேட்டுப் பள்ளியில் இதற்கு வழியே கிடையாது. அங்கே இருப்பவர்கள் கெட்டவர்கள் என்பதால் இல்லை, ஆறு பீரியடில் இடம் இல்லை, அவ்வளவுதான்.

நாலுக்கு நாலில் குறை இல்லாமல் இல்லை. ஏபி தேர்வு நாடு முழுக்க மே மாதத்தில்தான். இலையுதிர் காலத்தில் ஏபி பாடம் முடித்த பிள்ளை நாலு மாதம் கழித்துத் தேர்வு எழுத வேண்டும், பாதி மறந்திருக்கும். வசந்த காலத்தில் எடுத்த பிள்ளைக்கோ பாடம் முடியும் முன்பே தேர்வு வந்துவிடும். ரயிலடியில் ஏப்ரல் மாதம் முழுக்க மாலையில் ரிவிஷன் வைத்துச் சமாளிக்கிறார்கள், ஆனாலும் இழுபறிதான். ஒரு நாள் லீவு போட்டால் இரண்டு நாள் பாடம் போய்விடும். ஊருக்குப் போகிறேன் என்று மூன்று வாரம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பும் பழக்கம் உள்ளவர்களுக்கு ரயிலடி ஆகவே ஆகாது. ஸ்பானிஷ் இரண்டாம் நிலையை இலையுதிர் காலத்தில் முடித்தவளுக்கு மூன்றாம் நிலை ஒரு வருஷம் கழித்துத்தான் கிடைத்தது. அதற்குள் வினைச்சொல் எல்லாம் காற்றோடு போயிற்று. நடு வருஷத்தில் வேறு ஊருக்கு மாறினால் கிரெடிட் கணக்கு பெரிய சிக்கல்.

மேட்டுப் பள்ளியின் தலைவலி வேறு. பாடப் பட்டியலைப் பார்த்தால் கண் கொள்ளாது, ஏபி மட்டும் இரண்டு பக்கம். ஆனால் பட்டியலில் இருப்பது வேறு, பிள்ளை கையில் கிடைப்பது வேறு. நாளில் ஒரே ஒரு பீரியடில் மட்டும் நடக்கும் வகுப்பு நிறைய. மூத்தவன் வயலின். ஆர்கெஸ்ட்ரா நாலாம் பீரியட். அவன் உயிராக நினைத்த ஏபி ஃபிசிக்ஸ் சி-யும் நாலாம் பீரியட். பன்னிரண்டாவதில் எதை விடுவது என்று வீட்டில் ஒரு வாரம் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. கடைசியில் வயலினை விட்டான். அந்தப் பள்ளியின் விளம்பரத் தாளில் இரண்டும் பெரிய எழுத்தில் இருக்கும். ஒரே நேரத்தில் என்று எங்கேயும் இருக்காது. அதனால்தான் சொல்கிறேன், பள்ளி சுற்றிக் காட்டும் நாளில் பாடப் பட்டியல் கொடுப்பார்கள், அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மாஸ்டர் ஷெட்யூலைக் கேளுங்கள். எந்தப் பாடம் எந்தப் பீரியடில், எத்தனை செக்‌ஷன் என்ற தாள். கொடுக்கத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

டைம்டேபிளுக்கு அடுத்தது விடைத்தாள். வாத்தியார் புத்தி, என்ன செய்வது?

மேட்டுப் பள்ளியில் கணக்கு, அறிவியல் விடைத்தாள் வீட்டுக்கு வராது. போர்ட்டலில் 78 என்று வரும். ஏன் 78 என்று தெரிந்துகொள்ள மதிய இடைவேளையில் ஆசிரியர் அறைக்குப் போய் அவர் முன்னால் உட்கார்ந்து தாளைப் பார்க்கலாம், படம் எடுக்கக் கூடாது, திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். காரணம் கேட்டால், கேள்விகள் வெளியே போய் டியூஷன் சென்டர்களில் சுற்றுகின்றன என்றார்கள். பொய் இல்லை. எந்த டியூஷன் சென்டர், யார் பிள்ளைகள் என்றும் நமக்குத் தெரியும். ஆனால் வகுப்பில் பாதிப் பேர் போய்ப் பார்ப்பதே இல்லை. தப்பு எங்கே என்று தெரியாமலே அடுத்த பாடம் ஓடிவிடும். மூத்தவன் புத்திசாலி, தப்பித்துக்கொண்டான். சுமாரான பிள்ளை அங்கே தவித்துப்போகும்.

ரயிலடியில் சின்னவளின் முதல் ஜியோமெட்ரித் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டு முக்கோணங்கள் சர்வசமம் என்று நிரூபிக்க வேண்டும். ஐந்து வரி எழுதியிருந்தாள். மூன்றாவது வரியில் இரண்டு கோணங்கள் சமம் என்று போட்டுவிட்டுக் காரணம் எழுதாமல் நகர்ந்திருந்தாள். அந்த வரிக்குப் பக்கத்தில் பச்சைப் பேனாவில் "ஏன்?" என்று ஒரே ஒரு வார்த்தை. மார்க் எதுவும் இல்லை. அதே தாளின் பின்பக்கம் காரணத்தை எழுதி மறுநாள் கொடுத்தால், போன மார்க்கில் பாதி திரும்ப வரும். அவள் எழுதியது 'எதிரெதிர் கோணங்கள்' என்று. அது தப்பு, அங்கே இருந்தது இணைகோடுகளுக்கு இடைப்பட்ட ஒன்றுவிட்ட கோணங்கள். தாள் மறுபடியும் வந்தது, இன்னொரு "ஏன்?" சேர்ந்து. மூன்றாவது தடவை சரியாக எழுதினாள். முப்பத்தைந்து பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஓர் ஆசிரியர் ஒரே வரிக்கு இரண்டு தடவை திரும்பி வந்திருக்கிறார். எனக்கு அந்தத் தாளைப் பார்த்ததும் ரேட்டிங் மறந்துபோயிற்று. எல்லா ஆசிரியரும் அப்படி என்று சொல்லவில்லை. அவளுடைய ஒன்பதாம் வகுப்பு ஆங்கில ஆசிரியர் வருஷம் பாதி இல்லை, மாற்று ஆசிரியர்கள் வந்து வந்து போனார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஏபி பற்றிக் கேட்காத தமிழ்ப் பெற்றோர் கிடையாது. மேட்டில் அதிகம், ரயிலடியில் குறைவு. மேட்டில் சில ஏபி வகுப்புக்கு நுழைவுத் தாள், ஆசிரியர் சிபாரிசு எல்லாம் வேண்டும். ரயிலடியில் விருப்பப்பட்டவர் சேரலாம், ஆனால் வகுப்பு மெதுவாகப் போகும், தேர்வில் ஐந்துக்கு மூன்றுக்குக் கீழ் வாங்குகிறவர்களும் அதிகம். ஆனால் ஒன்று கவனியுங்கள். யூசி ஜிபிஏ (சராசரி மதிப்பெண் புள்ளி) கணக்கில் பத்தாவது, பதினொன்றாவது பாடங்கள்தான். ஏபி, ஆனர்ஸ் (கூடுதல் கடினமான வகுப்பு) பாடங்களுக்குக் கிடைக்கும் கூடுதல் புள்ளி அதிகபட்சம் எட்டு செமஸ்டருக்கு, அதில் பத்தாவதிலிருந்து நாலுக்கு மேல் கூடாது. அதாவது வருஷப் பாடமாக நாலு ஏபி. அதற்கு மேல் எத்தனை எடுத்தாலும் அந்த ஜிபிஏ எண் ஏறாது. கூடுதல் பாடம் கண்ணில் படும், நல்லதுதான், ஆனால் இருபத்தைந்து ஏபி வைத்திருக்கும் பள்ளிக்கும் பன்னிரண்டு வைத்திருக்கும் பள்ளிக்கும் நாம் கற்பனை செய்யும் தூரம் கிடையாது. உங்கள் பள்ளி கொடுத்த வாய்ப்பில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்றுதான் பார்க்கிறார்கள். ரயிலடிப் பிள்ளைகள் குறையை கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருஷ அரசுக் கல்லூரி) சரிக்கட்டுகிறார்கள். யூனிட்டுக்கு 46 டாலர், ஹைஸ்கூல் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அதுவும் தள்ளுபடி. எட்டு வகுப்பு இடம் இருக்கிறதே, நேரமும் கிடைக்கிறது.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம், பள்ளியில் முதல் ஒன்பது சதவீதத்துக்கு யூசி தரும் உத்தரவாதம். மேட்டில் அந்த ஒன்பது சதவீதத்துக்குள் வர வேண்டிய ஜிபிஏ உயரம், ரயிலடியில் கொஞ்சம் தாழ்வு. அதற்காகவே ரயிலடிக்கு வருகிறேன் என்று ஒருவர் சொன்னார். வேண்டாம். அந்த உத்தரவாதம், நீங்கள் விண்ணப்பித்த எதிலும் கிடைக்காவிட்டால் இடம் மிச்சமிருக்கும் ஒரு வளாகத்தில் சீட், அவ்வளவே. பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலஸும் என்று கனவு காணாதீர்கள். யூசி தன் தளத்திலேயே பள்ளிவாரியாக எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று வெளியிடுகிறது. எங்கள் இரண்டு பள்ளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேட்டிலிருந்து மூட்டை மூட்டையாக விண்ணப்பம் போகிறது, அதனால் கிடைப்பவர் எண்ணிக்கையும் அதிகம். விகிதத்தைப் பார்த்தால் வாட்ஸ்அப் குழுவின் சத்தம் கொஞ்சம் அடங்கும்.

கவுன்சிலர் விஷயத்தில் மேட்டுக்கு என் மதிப்பெண் மிகக் குறைவு. அமெரிக்கப் பள்ளிக் கவுன்சிலர் சங்கம் சொல்வது 250 பிள்ளைகளுக்கு ஒருவர். இரண்டு பள்ளியிலும் அது கனவு, ஆனால் ரயிலடி கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள் எண்ணிக்கையை வைத்து 2013 முதல் மாநிலம் கூடுதல் பணம் கொடுக்கிறது. எங்கள் டிஸ்ட்ரிக்ட் அதில் ஒரு பகுதியை ரயிலடியில் கவுன்சிலருக்கும் அவிட் வகுப்புக்கும் செலவழிக்கிறது. அவிட் என்பது 1980-ல் சான் டியேகோவில் ஓர் ஆங்கில ஆசிரியை தொடங்கிய திட்டம். நடுத்தரமாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு நோட்ஸ் எடுப்பது, கேள்வி கேட்பது, கல்லூரிக்கு விண்ணப்பிப்பது எல்லாம் ஒரு பீரியடாகவே சொல்லித்தருவார்கள். வீட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு வரம்.

மேட்டில் கவுன்சிலர்களைக் கடைசிப் பெயரின் முதல் எழுத்துப்படி பிரித்திருக்கிறார்கள். நம்மவர்களுக்கு அப்பா பெயர்தானே கடைசிப் பெயர்? சுப்ரமணியன், சுந்தரம், சிவகுமார், ஸ்ரீனிவாசன், செல்வராஜ். அத்தனையும் எஸ். ஒரு பாவப்பட்ட அம்மையாரின் தலையில் ஊர்த் தமிழர் மொத்தமும். நவம்பரில் அவருக்கு மெயில் போட்டுப் பதில் வாங்கியவர்கள் பாக்கியசாலிகள்.

தமிழுக்குக் கிடைக்கும் இருமொழி முத்திரை, அதுதான் சீல் ஆஃப் பைலிட்டரசி, கலிஃபோர்னியா 2011-ல் எல்லா மாநிலத்துக்கும் முன்பாகக் கொண்டுவந்தது. டிஸ்ட்ரிக்ட் விதி இரண்டு பள்ளிக்கும் ஒன்றே. மேட்டில் தமிழுக்கு உண்டா என்று கேட்டபோது, பள்ளியில் சொல்லித்தரும் மொழிக்கு மட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ரயிலடிக் கவுன்சிலர் தானே தேடி, ஸ்டாம்ப் என்ற மொழித்திறன் தேர்வு தமிழிலும் நடக்கிறது என்று சின்னவளிடம் சொல்லி அனுப்பினார். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் விடாமல் கேளுங்கள்.

இசை, நாடகம், ரோபோடிக்ஸ் மேட்டில் நிஜமாகவே பிரமாதம். அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆர்கெஸ்ட்ரா கச்சேரி கேட்டால் பள்ளிப் பிள்ளைகள் என்று நம்ப மாட்டீர்கள். ரயிலடியில் பேண்ட் உண்டு, தந்தி வாத்தியம் கிடையாது. ஆனால் மேட்டில் அதற்கெல்லாம் ஆகஸ்ட்டில் ஒரு கடிதம் வரும், ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று தொகை போட்டு. 'நன்கொடை' என்பது சின்ன எழுத்தில். கலிஃபோர்னியாவில் அரசுப் பள்ளி, பாடத்துக்கோ பள்ளி நடவடிக்கைக்கோ கட்டாயக் கட்டணம் வாங்க முடியாது. 2012-ல் அதை இன்னும் அழுத்தமாகச் சட்டமாக்கினார்கள். கொடுக்க முடிந்தவர்கள் கொடுங்கள், அந்தப் பணத்தில்தான் வாத்தியங்கள் வாங்குகிறார்கள். முடியாதவர்கள் ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருங்கள், பிள்ளையை வெளியே நிறுத்த முடியாது.

கட்டிடம் ரயிலடியில் பழசு. கழிப்பறை இரண்டிலும் மோசம். மேட்டில் வேப்பிங்குக்குப் பயந்து பாதியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள், இடைவேளையில் வரிசை. ரயிலடியில் பூட்டுவதில்லை, சோப்புதான் இருக்காது. சண்டை, போதை என்று ரயிலடியைப் பற்றி ஊர் பேசுவதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சஸ்பென்ஷன் எண்ணிக்கை அங்கே அதிகம். மாநிலத்தின் ஸ்கூல் டேஷ்போர்டில் சிவப்பிலிருந்து நீலம் வரை ஐந்து நிறத்தில் அதைக் காட்டுவார்கள், போய்ப் பாருங்கள். மேட்டில் போதை இல்லை என்று நினைத்தால் மூத்தவனிடம் பேசிப் பாருங்கள். அங்கே இருப்பது விலை கூடிய போதை. தூக்கமில்லாமை, பதற்றம், பக்கத்துப் பிள்ளையின் மார்க்கை எட்டிப் பார்ப்பது, இதற்கெல்லாம் டேஷ்போர்டில் நிறம் கிடையாது.

இன்னும் ஆழமாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: ஒவ்வொரு பிப்ரவரி முதல் தேதிக்குள்ளும் பள்ளிகள் வெளியிட வேண்டிய பொறுப்பறிக்கை இருக்கிறது. வகுப்பு அளவு, தகுதிச் சான்றில்லாத ஆசிரியர் எத்தனை பேர் என்பதெல்லாம் அதில் வரும். அதைவிட எனக்குப் பிடித்தது, பள்ளிகளுக்கு அங்கீகாரம் தரும் வாஸ்க் அமைப்பின் அங்கீகாரத்துக்காகப் பள்ளி தானே தன்னைப் பற்றி எழுதும் சுயமதிப்பீடு. நீளமானது, தூக்கம் வரும், ஆனால் 'மேம்பட வேண்டியவை' என்ற பகுதியை மட்டும் படியுங்கள். மேட்டுப் பள்ளி அதில் பிள்ளைகளின் மன அழுத்தத்தைத் தானே எழுதியிருந்தது. ரயிலடி, ஒன்பதாவதில் ஃபெயில் ஆகிறவர்கள் எண்ணிக்கையை எழுதியிருந்தது. சுற்றிக் காட்டும் நாளில் இரண்டையும் யாரும் வாய் திறக்கவில்லை.

மூன்றாவது பள்ளியைப் பற்றி ஊரில் தாழ்ந்த குரலில்தான் பேசுவார்கள். அது கன்டினியுவேஷன் ஸ்கூல். பதினாறு வயசு ஆன, கிரெடிட் குறைந்த பிள்ளைகளுக்கு. இந்த மாநிலத்தில் 1919 முதல் இருக்கும் ஏற்பாடு. வகுப்பு சின்னது, நாள் குறுகியது, முடித்த அளவுக்கு கிரெடிட். நம் குடும்பங்களிலும் அங்கே போன பிள்ளை உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவன் மேட்டில் இரண்டு வருஷம் மூழ்கி, அங்கே போய் மூச்சு வாங்கி, டிப்ளமோ வாங்கி, கம்யூனிட்டி காலேஜ் வழியாக இப்போது யூசியில் இருக்கிறான். அவன் அம்மா இன்னமும் பள்ளி பெயரைக் கேட்டால் பேச்சை மாற்றுவார். தேவை வந்தால் தயங்காதீர்கள்.

சரி, யாருக்கு எது? பிள்ளை ஏற்கெனவே கணக்கில் ஒரு படி முன்னால், வயலினோ ரோபோடிக்ஸோ உயிர், தானே போய் ஆசிரியரிடம் கேட்டு வாங்கும் வாய் உண்டு, மார்க் குறைந்தால் சாப்பாட்டை நிறுத்தாத மனசு உண்டு என்றால் மேடு. நிதானமாகக் கற்கிற பிள்ளை, தாமதமாகச் சூடு பிடிக்கிற பிள்ளை, நிறையப் பாடங்களைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிற பிள்ளை என்றால் ரயிலடி. மூத்தவனை மறுபடி சேர்க்கச் சொன்னாலும் மேட்டில்தான் சேர்ப்பேன்.

எல்லை மாறிச் சேர்வதற்கு வழி இருக்கிறது. சொந்த டிஸ்ட்ரிக்ட்டுக்குள் காலியிடம் இருக்கும் பள்ளிக்கு விண்ணப்பிக்கும் ஓப்பன் என்ரோல்மென்ட் விதி ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டிலும் இருந்தாக வேண்டும். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமென்றால் குலுக்கல்தான், மார்க் பார்த்து எடுக்கக் கூடாது. அந்த எல்லைக்குள் வசிக்கும் பிள்ளையின் இடத்தைப் பறித்து உங்களுக்குத் தர மாட்டார்கள். அதனால் மேட்டிலிருந்து ரயிலடிக்கு வருவது சுலபம், எதிர்த்திசையில் கஷ்டம். பஸ் தர மாட்டார்கள், ஊர் பஸ்ஸோ கார்பூலோ நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். விளையாடுகிற பிள்ளை என்றால் ஒன்பதாவது தொடக்கத்திலேயே மாறிவிடுங்கள். நடுவில் வீடு மாறாமல் பள்ளி மட்டும் மாறினால் பள்ளி அணிக்கு ஆட, மாநிலப் பள்ளி விளையாட்டை நடத்தும் சிஐஎஃப் அமைப்பின் விதிகள் கட்டுப்படுத்தும். எங்கள் டிஸ்ட்ரிக்ட்டில் படிவம் குளிர்கால விடுமுறை முடிந்ததும் திறக்கும், சில வாரங்கள்தான் இருக்கும். இடம் கிடைத்தது என்று மெயில் வந்தால் கெடுவுக்குள் ஒப்புதல் அனுப்பிவிடுங்கள். ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள், அனுப்பாவிட்டால் சத்தமில்லாமல் காத்திருப்புப் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும்.